நீட் மீண்டும் எழுதும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, எங்கள் ரூ.1,45,000 போன விதத்தைப் படியுங்கள்

ஒரு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய். கணவரும் நானும் மாதாமாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் போட்ட சீட்டை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்த பணம். அதைத் திருப்பித் தர முடியாது என்று மகளைச் சேர்த்த நீட் பயிற்சி மையத்தில் நேற்று மாலை சொல்லிவிட்டார்கள். “உங்கள் கணக்கில் மீதமிருப்பது பதினோராயிரம். அதையும் ரொக்கமாகத் தர வழியில்லை. வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அதன் கட்டணத்தில் கழித்துக்கொள்கிறோம்” என்றார்கள். வீடு வந்து சேர்ந்தும் கை நடுக்கம் அடங்கவில்லை. இந்த மாதமும் அங்கே யாரோ பணம் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதால் உடனே எழுதுகிறேன்.

பெங்களூருவில் ராமமூர்த்தி நகர்ப் பக்கம் இருக்கிறோம். மகள் இங்கேயே பியூசி (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) முடித்து, 2025 மே 4 அன்று நீட் எழுதினாள். 720க்கு 428. அந்த ஆண்டு இயற்பியல் வினாக்கள் எல்லோரையும் கவிழ்த்துவிட்டன. நாட்டிலேயே முதலிடம் பெற்றவருக்கே 686தான். அரசு இடத்துக்கு 428 போதவில்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக இடம் வாங்க எங்களுக்கு வக்கில்லை. “ஒரு வருடம் மட்டும் கொடு அம்மா” என்று அவளே கேட்டாள். அவளுடன் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கட்டடம், வாசலை மறைத்து மாணவர் படங்கள், நீட் மட்டுமே சொல்லிக்கொடுக்கும் தனியார் பயிற்சி மையம்.

சேர்க்கைப் பிரிவில் இருந்தவர் தர்மபுரிக்காரர். கன்னடத்தில் பேச ஆரம்பித்தவர், நான் மகளிடம் தமிழில் சொன்னதைக் கேட்டதும் “உட்காருங்கள் அக்கா” என்று தமிழுக்கு வந்துவிட்டார். காபி வந்தது. கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளின் ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் தேசியத் தேர்வு முகமையின் இறுதி விடைக்குறிப்பையும் கேட்டு வாங்கி, சிவப்புப் பேனாவை எடுத்து இயற்பியலின் 45 வினாக்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். சரி 16, தவறு 20, தொடாதது 9. மொத்தம் 44 மதிப்பெண். “தெரியாமல் பதறிப்போய் வட்டத்தை நிரப்பினாயா பாப்பா?” என்று மகளிடம் கேட்டார். அவள் தலையசைத்தாள். “பாருங்கள் அக்கா, ஒரு தவறு சரியானால் ஐந்து மதிப்பெண் ஏறும். தவறுக்காகக் கழிந்த ஒன்றும் திரும்பும், சரியான விடைக்கான நான்கும் சேரும். இருபது தவறுக்கு நூறு. குழந்தை இப்போதே 528இல் இருக்கிறாள். இயற்பியலை எங்களிடம் விடுங்கள், 550 எங்கள் பொறுப்பு.”

கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் வயிற்றெரிச்சல். தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து என் மகளின் விடைத்தாளை அப்படி உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான். எங்கள் சொந்தக்காரர்கள்கூடப் பார்க்கவில்லை. மகள் அன்று நன்றாகச் சாப்பிட்டாள். சேர்க்கைப் படிவத்தின் அடியில் அவர் தன் கையாலேயே எழுதி முத்திரை குத்தினார்: 550க்குக் குறைந்தால் முழுக் கட்டணமும் திருப்பித் தரப்படும், ரிப்பீட்டர் பேட்ச்சில் 40 பேர் மட்டும், தினமும் இரண்டு மணி நேரம் இயற்பியல். ஒரே தவணையில் ரூ.1,45,000 கட்டினோம்.

இயற்பியல் ஆசிரியர் ஆகஸ்டில் நின்றுவிட்டார். உண்மையிலேயே நல்ல ஆசிரியர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் சம்பளப் பாக்கி என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. வகுப்பில் ஒரு டிவியை மாட்டி, பழைய வீடியோவை ஓடவிட்டார்கள். சந்தேகம் கேட்க ஆளில்லை. அடுத்து, பியூசி இரண்டாம் ஆண்டு மாணவர்களையும் அதே அறைக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள். கல்லூரித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடத்தை, ஏற்கெனவே தேறிவிட்டு வந்த என் மகள் மறுபடி உட்கார்ந்து கேட்டாள்.

அக்டோபரில் ஒரு மாதிரித் தேர்வு நடத்தினார்கள். வினாத்தாளை மகள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அட்டையில் 200 வினாக்கள், 200 நிமிடம் என்று அச்சிட்டிருந்ததைக் கறுப்புப் பேனாவால் அடித்து, மேலே 180 என்று எழுதியிருந்தார்கள். உள்ளே ஒவ்வொரு பாடத்திலும் ‘பி’ பிரிவு, 15இல் ஏதேனும் பத்துக்கு விடையளிக்கவும் என்ற குறிப்பு அப்படியே இருந்தது. அந்த முறை 2024உடன் போய்விட்டது. 2025 முதல் 180 வினாக்கள், 180 நிமிடம், எல்லாவற்றுக்கும் விடையளிக்கலாம், தேர்ந்தெடுக்கும் சலுகை கிடையாது. வேதியியலில் திண்ம நிலைமையிலிருந்து கேள்வி. உயிரியலில் செரிமான மண்டலம். இரண்டும் 2024 தேர்வுக்கு முன்பே பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டவை. “அம்மா, இதைப் படிக்கவே வேண்டாம், எதற்குத் தேர்வு வைக்கிறார்கள்?” என்று கேட்டாள். ரூ.1,45,000 வாங்கியவர்கள் ஒரு புது வினாத்தாள்கூடத் தயாரிக்கவில்லை.

மகளை நிறுத்திவிட்டுப் பணத்தைக் கேட்கப் போனபோதுதான் அவர்களின் சுயரூபம் தெரிந்தது. தர்மபுரிக்காரர் முதலில் “பேசுகிறேன் அக்கா” என்றார். பிறகு “மேடம், அது கணக்குப் பிரிவின் விஷயம்” என்றார். கணக்குப் பிரிவு, கிளை மேலாளரைக் காட்டியது. மேலாளர் கூட்டத்தில் இருந்தார். எப்போது போனாலும் கூட்டத்தில் இருந்தார். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினால், உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது என்று ஓர் எண் வரும், அதற்குமேல் ஒன்றும் வராது. வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அந்த வரவேற்பறையில் காத்திருந்தபோது, பக்கத்து மேசையில் வேறொரு தாயிடம் அதே சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு அவர் பேசிக்கொண்டிருந்தார்.

நேற்று ஒருவழியாக மேலாளரைப் பிடித்தேன். கையால் எழுதிய வாக்குறுதியைக் காட்டினேன். “அதற்கு நிபந்தனைகள் உண்டு, 95 சதவீத வருகைப்பதிவு வேண்டும்” என்று எங்களிடம் ஒருபோதும் தராத ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகள் டெங்குவில் படுத்திருந்த நாட்களைக் கணக்கிட்டு வைத்திருந்தார்கள். பிறகு பணத்தைப் பிரித்துக் காட்டினார்: பதிவுக் கட்டணம் 45,000, புத்தகமும் தேர்வுத்தாளும் 35,000, ஜிஎஸ்டி 22,000 சொச்சம், அந்தப் பதினோராயிரம் போக மீதி நடந்த வகுப்புகளுக்கு. அடித்துத் திருத்திய அந்தத் தாள்களும் 35,000இல் அடக்கம்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் இடையில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாட்களுக்குள் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் தருவதும் கூடாது. அதை அச்செடுத்து மேசையில் வைத்தேன். “அது நெறிமுறைதான், சட்டம் இல்லை மேடம்” என்றார் மேலாளர். பொய் வாக்குறுதி கொடுத்து மாணவர் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமும் 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறதே என்றேன். “நுகர்வோர் நீதிமன்றத்துக்குத் தாராளமாகப் போங்கள்” என்று எழுந்துவிட்டார்.

போகத்தான் போகிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, நாம் வசிக்கும் ஊரிலேயே போடலாம். பணம் ஒருநாள் வரலாம். ஜூன் இறுதியிலிருந்து என் மகள் இழந்த மாதங்களை எந்த ஆணையம் திருப்பித் தரும்? மே மாதம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அவள் இப்போது வீட்டிலேயே என்சிஇஆர்டி புத்தகத்தையும் தேர்வு முகமையின் பழைய வினாத்தாள்களையும் வைத்துப் படிக்கிறாள்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். எங்கள் ரசீதில் பலகையில் இருந்த பெயருக்குப் பதில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. பதிவுக் கட்டணம் எவ்வளவு, எது திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். மதிப்பெண்ணுக்கு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாக நடத்திய மாதிரித் தேர்வின் வினாத்தாளைக் கேளுங்கள். 200 வினா இருந்தால் வாசலைத் தாண்டாதீர்கள். இயற்பியலுக்கு யார் வருகிறார் என்று சேர்க்கைப் பிரிவில் கேட்காமல், மாலையில் வகுப்பு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.