2022 முதல் ஒரே ஸ்டாம்ப்

"அக்கா, ஸ்டாம்ப் வார்ப்பிக்கட்டா, விடட்டா?" என்று யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருந்தாள். கண்ணாடியில் இலிப்பிட்டு மென்சவ்வை, அதாவது உயிர்க்கலத்தைச் சுற்றியிருப்பது போன்ற மெல்லிய கொழுப்புப் படலத்தை, கட்டம் கட்டமாகப் பதிக்க உதவும் அச்சுத்தான் அந்த ஸ்டாம்ப். இன்று காலை ஆய்வுகூடத்தில் நடந்ததை நினைத்தால் பொறுமையாகப் பதில் எழுதவே கை வரவில்லை.

ஸ்டாம்பில் குறை சொல்ல முடியாது. 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் வார்த்த, பிடிஎம்எஸ் என்ற ரப்பர் போன்ற சிலிக்கன் துண்டு அது. அல்புமின் புரதத்தில் ஊறவைத்து, உலர்த்தி, கண்ணாடியில் விரலால் மெல்ல அழுத்தினால் போதும், புரத வேலி விழுந்துவிடும். பிறகு ஒளிரும் சாயம் கலந்த 100 நனோமீற்றர் இலிப்பிட்டு நுண்பைகளை ஊற்ற, அவை வேலிக்கு நடுவே வெடித்துப் பரவி மென்சவ்வாகும். நான் பாவிக்கும் பிஓபிசி என்ற இலிப்பிட்டு உறைவது பூச்சியத்துக்கும் கீழே என்பதால் கொழும்பு வெக்கையில் சூடாக்கி எதுவும் தேவையில்லை.

வேலிக்குள் அடைபட்ட ஒரு பெட்டியில் பாதியிலுள்ள சாயத்தை லேசரால் இருட்டாக்கிவிட்டு நுணுக்குக்காட்டியில் பாருங்கள். சற்று நேரத்தில் பெட்டி முழுதும் ஒரே மங்கலாகிவிடும், பக்கத்துப் பெட்டி மட்டும் அதே பிரகாசத்தோடு இருக்கும். வேலிக்குள்ளே இலிப்பிட்டு ஓடித் திரிகிறது, வேலியைத் தாண்டுவதில்லை. எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

ஆனால் காற்று! 4, 5 நனோமீற்றர் தடிப்புள்ள இந்தப் படலம் தண்ணீரை விட்டு ஒரு கணம் வெளியே வந்தாலும் உரிந்துபோகும். கண்ணாடியைச் சிறு திரவக் கூட்டில் பொருத்துவது, கழுவுவது எல்லாம் தண்ணீருக்குள்ளேயே நடக்க வேண்டும். அதை நான் பழகிவிட்டேன். பழக முடியாதது குளிரூட்டிப் பெட்டியிலிருந்து எடுத்த பபர் கரைசல், அதாவது அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக் கரைசல். குளிர்ந்த கரைசலில் காற்று கூடுதலாகக் கரைந்திருக்கும். நம் 30 பாகை அறையில் அது சூடேறும்போது அந்தக் காற்று கண்ணாடியிலேயே குமிழியாக வந்து ஒட்டிக்கொள்கிறது. இன்று ஒரு கடுகளவுக் குமிழி நகர்ந்த பாதை முழுதும் கறுப்பாகக் கிடந்தது, இரண்டு நாள் வேலை. வெற்றிடத்தில் வைத்துக் காற்றை எடுத்த பபரைத்தான் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவசரத்தில் விட்டுவிட்டேன். தெரிந்தே விட்டதுதான் நெஞ்சை அறுக்கிறது.

தங்கச்சி, இன்றைக்குக் கேட்டபடியால் சொல்கிறேன்: இப்போது வார்ப்பிக்காதே. முதலில் வேலியில்லாத வெறும் மென்சவ்வை ஒரு மாதம் குமிழியில்லாமல் கழுவிப் பழகு.