வாசலோடு திரும்பிய மதிப்பீடு

பழைய வண்ணாரப்பேட்டையில் 840 சதுர அடி மனையில் நிற்கும் எங்கள் வீட்டின் பின்கட்டைப் பழுது பார்ப்பதற்காக, ஏற்கெனவே கட்டிவரும் வீட்டுக்கடனுடன் 12 லட்சம் ரூபாய் கூடுதல் கடன் (டாப்-அப்) கேட்டிருந்தேன். வங்கி தன் பட்டியலில் இருந்த ஒரு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு வீட்டின் மதிப்பைக் கணிக்கும் வேலையைக் கொடுத்தது; 3,500 ரூபாய் கட்டணமும் அதன் மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் என் கணக்கில் பிடிக்கப்பட்டன. ஒரே மாதத்துக்குள் இரண்டு நிறுவனங்கள் இந்த வீட்டை மதிப்பிட்டுவிட்டதால், இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் வந்த இளைஞர் எதிர்வீட்டு ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, முகப்பையும் தெருவின் இரு பக்கங்களையும் கைபேசியில் படம் பிடித்தார். கதவிலக்கத்தையும் மின் மீட்டர் எண்ணையும் குறித்துக்கொண்டார். உள்ளே வாருங்கள் என்று அழைத்தேன். "டாப்-அப்தானே சார், வெளியே பார்த்தால் போதும்" என்று சொல்லிவிட்டு மோர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். மொத்தம் ஏழு நிமிடம் ஆகியிருக்கும். மரியாதைக்குக் குறைவில்லை, சொன்ன நேரத்துக்கும் வந்தார். அறிக்கையும் மறுநாளே வங்கிக்குப் போய்விட்டது.

அந்த அறிக்கையில் நிலம் 80 லட்சம், கட்டடம் 18 லட்சம், ஆக மொத்தம் 98 லட்சம் என்று இருந்தது. வீடு முழுவதும் கான்கிரீட் கட்டடம் என்றும், வயது 15 ஆண்டு என்றும் எழுதியிருந்தார்கள். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். முன்கட்டை இடித்துக் கான்கிரீட்டில் கட்டியது நாங்கள்தான். ஆனால் முற்றத்தைத் தாண்டினால் இருப்பது என் தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டி, தட்டோடு (தட்டையான ஓடு) பதித்த தளம் அது. ஒழுக்கு எங்கே தொடங்குகிறது, உத்தரத்தின் சுவருக்குள் செருகிய முனை மக்கியிருக்கிறதா என்பதெல்லாம் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். இருபுறமும் பொதுச்சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் எங்கள் தெரு வீடுகளில் மூன்று பக்கம் கண்ணுக்கே தெரியாது. தெரிகிற ஒரு பக்கத்தில்தான் பெயிண்ட் அடித்திருப்போம். ராயபுரம், காசிமேடு பக்கம் கான்கிரீட் வீடுகளுக்கும் இதே கதைதான். உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்து விழுவது வீட்டுக்குள்ளேதான்.

வெளிப்புற ஆய்வே தவறு என்று சொல்லவில்லை. நியூஜெர்சியில் இருக்கும் என் தங்கை வீட்டின் மீது கடன் வாங்கியபோது, மதிப்பீட்டாளர் அழைப்பு மணியைக்கூட அழுத்தவில்லை. அந்த நாட்டில் இதற்கென்றே, வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனத்தின் 2055 எண் படிவம் உண்டு. கொரோனா பரவிய 2020 மார்ச் முதல் 2021 மே இறுதி வரை, வீடு வாங்குவதற்கான கடன்களுக்கும் இந்த முறையைத் தாராளமாக அனுமதித்தார்கள். உள்ளே இருக்கும் நிலை வெளியே தெரியும் நிலைக்கு ஒத்ததே என்ற அனுமானத்தை அறிக்கையிலேயே எழுதிவிடுவார்கள். வீட்டின் பரப்பு, அறைகள், கட்டிய ஆண்டு ஆகியவை அரசுப் பதிவேட்டிலும், விற்பனைக்கு வந்தபோது எடுத்த உட்புறப் படங்கள் தரகர்களின் பொதுப் பட்டியலிலும் கிடைக்கும் இடத்தில் அந்த அனுமானத்துக்கு ஓர் ஆதாரம் இருக்கிறது. பக்கத்து வீடு உண்மையில் என்ன விலைக்குப் போனது என்பதைப் பத்திரத்தை மட்டும் பார்த்து நம்ப முடியாத நம் ஊரில் அந்த ஆதாரம் மெலிந்தது.

அப்படியிருந்தும் வங்கிகள் இதை ஏற்பதற்குக் காரணம், கடனுக்கும் சொத்துக்கும் உள்ள விகிதம். புதிய வீட்டுக்கடனில் 30 லட்சம் வரை சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. எனக்கோ பழைய பாக்கி 9 லட்சத்தையும் சேர்த்து 21 லட்சம்தான் வரும்; நிலத்தின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கட்டடமே இல்லாவிட்டாலும் வங்கியின் பணம் பத்திரம். பெரிய குடியிருப்பில் ஒரு ஃபிளாட் என்றாலும் வெளிப்புற ஆய்வு ஓரளவு போதும். அதே மாதிரி ஃபிளாட்டுகள் அந்த வளாகத்திலேயே விற்றிருக்கும். கடன் கட்டத் தவறிய வீடுகளில் நிலைமை வேறு. கடன் கட்டாதவரின் சொத்தை வங்கி நீதிமன்ற வழக்கின்றிக் கைப்பற்ற வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, குறியீட்டு சுவாதீனம் (ஆளை வெளியேற்றாமல் அறிவிப்பு ஒட்டி எடுக்கும் சுவாதீனம்) மட்டும் எடுத்த வீட்டில் குடியிருப்பவர் கதவைத் திறக்காவிட்டால், மதிப்பீட்டாளர் தெருவில் நின்றுதான் எழுத வேண்டும். ஏலத்தின் குறைந்தபட்ச விலை அதை வைத்தே முடிவாகும். ஏல விளம்பரத்தில் "உள்ளது உள்ளபடி" என்ற சொற்களைப் பார்த்தால், வாங்க நினைப்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் விஷயத்தில் வங்கியின் தொழில்நுட்பப் பிரிவு விழித்துக்கொண்டது. பின்கட்டுத் தளத்தைப் பழுது பார்க்க என்று என் விண்ணப்பத்தில் காரணம் எழுதியிருக்க, 15 வயதுக் கான்கிரீட் என்று அறிக்கை சொல்வது எப்படி என்று கேட்டு, தன் செலவிலேயே இரண்டாவது நிறுவனத்தை அனுப்பியது. வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பொறியாளர். லேசர் கருவியால் அறை அறையாக அளந்தார், உத்தரங்களைத் தட்டிப் பார்த்தார், மாடிக்கு ஏறித் தட்டோட்டின் வெடிப்புகளைப் படமெடுத்தார், வரைபட அனுமதியையும் சொத்து வரி ரசீதையும் ஒப்பிட்டார். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நிலத்தின் மதிப்பை அவரும் மாற்றவில்லை; கட்டடம் 11 லட்சமாக இறங்கியது, மொத்தம் 91 லட்சம். ஏழு லட்சம் குறைந்தது என் மனைவிக்கு வருத்தம்தான். ஆனால் கடன் விகிதம் 21 சதவீதத்திலிருந்து 23 சதவீதம் ஆனதைத் தவிர வேறு பாதிப்பு இல்லை; கேட்ட 12 லட்சமும் கிடைத்தது.

எனக்குச் சாதகமாக எழுதிய முதல் நிறுவனத்துக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்தான் கொடுக்க முடிகிறது. வெளியே மட்டும் பார்த்ததை மன்னிக்கலாம்; உள்ளே பார்க்கவில்லை என்று அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாமல் கூரையின் வகையைத் துணிந்து எழுதியதை ஏற்க முடியாது. அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன், வழியில்லை என்றார்கள். இரண்டாவது நிறுவனத்துக்கு நாலரை. அறிக்கையின் நகலைப் பெற வங்கிக் கிளைக்கு மூன்று முறை நடந்ததில் அவர்களுக்குப் பங்கில்லை என்றாலும், அரை மதிப்பெண்ணை உத்தரங்களின் நீளத்தைத் தவறாகக் குறித்ததற்காகக் குறைத்திருக்கிறேன். மேஸ்திரி இப்போது அந்த அறிக்கையின் படங்களை வைத்துக்கொண்டுதான் எந்த உத்தரத்தை முதலில் இறக்குவது என்று தீர்மானித்துக்கொண்டிருக்கிறார்.