சிரித்தவரும் அழுதவரும்: பரோக் அச்சோவியத்தில் இரண்டு வழிகள்

பண்டைய கிரேக்கத் தத்துவஞானிகள் இருவரில், உலகைப் பார்த்துச் சிரித்தவர் டெமோக்ரிட்டஸ், அதே உலகைப் பார்த்து அழுதவர் ஹெராக்ளிட்டஸ் என்பது பழைய வழக்கு. 17ஆம் நூற்றாண்டு, அதாவது பரோக் காலத்து, நெதர்லாந்து அச்சோவியங்களில் இருவரும் பெரும்பாலும் ஜோடியாக வருவார்கள், அருகில் பூகோள உருண்டை. ஒருவர் பல் தெரியச் சிரிப்பார், மற்றவர் கை கோத்துக் கண்கலங்குவார். பார்த்தவுடன் புரிந்துவிடும். ஆனால் சிரிப்பும் அழுகையும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இத்தாலிய ஓவியர் சல்வட்டோர் ரோசா 1662இல் செய்த அச்சோவியத்தில் டெமோக்ரிட்டஸ் மட்டும்தான். கல்லறைகள், எலும்புகள், மண்டையோடுகள் நடுவே கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். ஜெர்மன் ஓவியர் டியூரர் 1514இல் தன் அச்சோவியத்தில் துயரத்தின் உருவத்துக்குக் கொடுத்த அதே தோரணை! எல்லாவற்றையும் எள்ளியவன் எல்லாவற்றின் முடிவில் திகைத்து நிற்கிறான் என்று கீழே லத்தீன் வரி. சிரிப்பு எங்கே என்று தேடும்போதுதான் துயரம் நமக்கு உறைக்கிறது. எதிர் உணர்ச்சியைக் காட்ட இன்னொரு ஆள் தேவைப்படவில்லை.

இதற்கு முறையும் கைகொடுத்திருக்கிறது. அச்செடுக்கும் செப்புத் தகட்டை உளியால் செதுக்கினால் கோடு இறுக்கமாக, ஒழுங்காக விழும். ரோசாவோ தகட்டின் மேல்பூச்சில் ஊசியால் கீறி, கோடுகளை அமிலம் அரிக்க விட்டார். அதனால் கோடு கையெழுத்துபோலத் தளர்ந்து ஓடுகிறது.

மாணவருக்கு முதலில் ஜோடியைத்தான் காட்டுவேன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ரோசாவைத்தான்.