பென்சிலில் ஏறாத பதினேழு எழுத்து

பதினைந்து வருஷம் ஓடிய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது பிரேக், ஹெட்லைட், புகைச் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் என்று எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டுதான் போவோம். 2010 மாடல் வேகன் ஆர் ஒன்று இந்த விடுமுறையில் ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தது. இந்த நாலில் எதுவும் காரணமில்லை. தகட்டில் குத்தியிருக்கும் சேஸிஸ் நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரின்ட் எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த நம்பர் பென்சிலில் ஏறவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்த மூன்று வார லீவில் நாலு நாள் அதற்கே போயிற்று.

பானெட்டைத் தூக்கினால் என்ஜினுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகட்டில் எம்.ஏ.3 என்று தொடங்கி 17 எழுத்து குத்தியிருக்கும். என்றைக்கோ முன்பக்கம் டிங்கரிங் வேலை நடந்தபோது பெயின்டர் தாராள மனசோடு அந்தத் தகட்டுக்கும் ஒரு கோட் அடித்திருக்கிறார். பள்ளம் முழுக்கப் பெயின்ட். கண்ணால் பார்த்தால் நம்பரைப் படிக்க முடிகிறது. காகிதத்தை வைத்துத் தேய்த்தால் 3 எது, 8 எது என்று தெரியவில்லை. கடைசி ஆறு இலக்கத்தில் இரண்டு வெறும் கறுப்புப் பட்டை. பிரேக் இன்ஸ்பெக்டர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேற பிரின்ட் எடுத்துட்டு வாங்க சார்" என்று திருப்பி நீட்டினார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. திருட்டு வண்டியில் முதலில் கை வைக்கும் இடம் அந்த நம்பர்தான்.

இந்த இடத்தில்தான் பலர் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து ஒர்க்ஷாப் பையன் உப்புத்தாளோ கிரைண்டரோ எடுத்துக்கொண்டு வருவான். விடவே கூடாது. நம்பரைச் சுற்றிக் கீறல் விழுந்தால் பார்ப்பவர் கண்ணுக்கு அது நம்பரைத் திருத்திய தகடு. மறுபடி குத்துவதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். அதற்குள் உங்கள் ஃபிளைட் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் தின்னர் சட்டென்று பற்றும். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் கிரீசைத் துடையுங்கள். பிறகு தின்னரில் நனைத்த பஞ்சை நம்பர் மேல் ஐந்து நிமிஷம் ஒட்டி வைத்துவிட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அப்படியே மூன்று, நாலு தடவை. பள்ளத்தில் மிச்சமிருப்பதைப் பல்குச்சியால் கிளறுங்கள். ஊசி, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய காகிதத்தை இரண்டு பக்கமும் செல்லோடேப் போட்டு அசையாமல் ஒட்டி, 2பி பென்சிலைப் படுக்கவைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ஜெராக்ஸ் தாள் தடிமன் அதிகம், எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். அப்படியும் வராவிட்டால் பென்சில் கரியை நேரே எழுத்தின் மேல் தேய்த்து, அகலமான செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி உரித்து, வெள்ளைத்தாளில் ஒட்டிவிடலாம்.

கடைசியில் காரியத்தை முடித்துக் கொடுத்தவர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர். செல்லோடேப் வித்தை அவருடையது. இரண்டே நிமிஷம், ஐம்பது ரூபாய், 17 எழுத்தும் அச்சுப் போல. "நாலு எடுத்து வெச்சுக்கோ தம்பி, அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி வரணும்ல" என்று சொல்லி, நம்பர் மேல் துருப் பிடிக்காமல் கொஞ்சம் வாசலினும் தடவிவிட்டார். வெளிநாட்டில் இப்படி ஒருவரை எங்கே தேடுவது?

தேடவும் தேவையில்லை என்பது வேறு விஷயம். லண்டனில் ஓடும் பெரும்பாலான கார்களின் நம்பரை முன்கண்ணாடி வழியாகவே படித்துக்கொள்ளலாம். மூன்று வயதானதிலிருந்து வருஷா வருஷம் எம்.ஓ.டி. என்கிற தகுதிச் சோதனை. காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டு. சீட் பெல்ட் மாட்டும் இடத்திலிருந்து 30 செ.மீ.க்குள் தகடு அரித்துப் பலமிழந்திருந்தால் ஃபெயில். எந்த வண்டிக்கு என்றைக்கு என்ன குறை எழுதினார்கள் என்று யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் பார்க்கலாம். இங்கே நம்பருக்கு இத்தனை பாடு பட்ட வண்டிக்கு அடியில் ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. ஜாக்கி வைக்கும் விளிம்பு விரலால் அழுத்தினால் உதிர்கிறது. அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

தேதிக் கணக்கைக் கவனியுங்கள். ஆர்.சி. முடிவதற்கு 60 நாள் முன்னதாகத்தான் புதுப்பிக்கும் விண்ணப்பமான ஃபாரம் 25 போடலாம். 15 வருஷம் முடிந்த காருக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து வருஷத்துக்குச் செல்லும். 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருஷம் தாண்டிய காருக்கு அது 10,000. தாமதமானால் மாதத்துக்கு 500 கூடும். பசுமை வரி தனி. மார்ச்சில் முடியும் ஆர்.சி.க்கு டிசம்பர் லீவில் வந்தால் 60 நாள் கணக்கு இடிக்கும், ஜூலையில் வந்தால் அபராதம். டில்லியில் கொண்டுவந்ததுபோல் 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்குத் தடை தமிழ்நாட்டில் இல்லை. அந்த வதந்தியை நம்பி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். விண்ணப்பத்துக்கு ஓ.டி.பி. வரும் ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல், பயன்படுத்தாமல் 90 நாள் போட்டுவைத்தால் நம்பர் போய்விடக்கூடும். ஆதாரில் வேறு நம்பரை மாற்றுவது தனி வேலை.

ஊர் திரும்பி எங்கே வீடு பார்ப்பது என்று யோசிக்கிறவர்கள் காரையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சென்னையில் கடலோரமாகப் பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். என்றால் காற்று அருமை, அதன் உப்பில் தகடு போச்சு. கதவின் அடிவிளிம்பில் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளேயிருந்து அரிக்கும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் ஸ்டில்ட் பார்க்கிங் (கட்டடத்துக்கு அடியில் பில்லர்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம்) உள்ள ஃபிளாட் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் மறக்கக் கூடாது. பில்லருக்கு நடுவே தண்ணீர் எதுவரை ஏறியது என்று வாட்ச்மேனைக் கேளுங்கள், புரோக்கரைக் கேட்காதீர்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பினால் சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். அந்தச் செலவை ஏற்கும் என்ஜின் பாதுகாப்பு இன்ஷூரன்ஸ் பழைய காருக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை.

திருச்சி, கோவை என்று கடலை விட்டு உள்ளே தள்ளிப் போனால் துருத்தொல்லை குறைவு. ஆனால் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த சென்னைப் புதுப்பேட்டையும் ஜி.பி. ரோடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்காது. பழைய வண்டிக்கு விண்டோ ரெகுலேட்டர், டோர் ஹேண்டில் மாதிரி சில்லறைச் சாமான்தான் அடிக்கடி தேவைப்படும். ஊர் மாறினால் 30 நாளுக்குள் ஃபாரம் 33 போட்டு ஆர்.சி.யில் முகவரியை மாற்றிவிடுங்கள். பின்னால் புதுப்பிக்கும்போது அலைச்சல் மிச்சம்.

பதினொரு மாதம் நிறுத்திவைக்கிற வண்டி என்றால் பேட்டரிதான் முதல் பலி. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரியிலிருந்து கடிகாரம், சென்ட்ரல் லாக் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுத்தாலே 48 நாளில் காலி. காலியாகக் கிடந்த பேட்டரி பிறகு சார்ஜ் பிடிக்காது. 10 எம்.எம். ஸ்பேனரால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு விமானம் ஏறுங்கள். ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், பின்சக்கர பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் போதும். டயரில் 40 பி.எஸ்.ஐ. காற்று. பட்டன் (டயர் மேல்பரப்பின் வெட்டு) நன்றாக இருக்கிறது என்று டயரை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்கத்தில் 1816 என்றால் 2016-ன் 18-வது வாரத்தில் செய்தது, மாற்றும் காலம் தாண்டிவிட்டது. பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பர் ஹோஸையும் பதம் பார்க்கும். பம்ப்பிலிருந்து என்ஜின் வரை ஹோஸைக் கையால் பிசைந்து பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

கூலன்ட் விஷயத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் இருக்கும். உப்புத்தண்ணீர் ஒரே வருஷத்தில் வாட்டர் பம்ப்பைத் தின்றுவிடும். பச்சை நிறம் மட்டும் கொஞ்சம் இருக்கும், நம்மைத் திருப்திப்படுத்த.

மீதி மூன்று பிரின்ட்டையும் கவரில் போட்டு வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். கிளவ் பாக்ஸில் வைத்தால் எலி விடாது.