ஆப்பிள் மியூசிக் ஹை-ரெஸ்: 192 கிலோஹெர்ட்ஸ் வீட்டுக்குத் தேவையா?

2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் லாஸ்லெஸ் ஒலியை (சுருக்கினாலும் எதையும் இழக்காத வடிவம்) கூடுதல் கட்டணம் இல்லாமலே கொடுக்கத் தொடங்கியது. அதற்கு மனதாரப் பாராட்டு. ஆனால் அதற்கும் மேலே இருக்கும் 'ஹை-ரெஸ் லாஸ்லெஸ்' தேர்வு (24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை) வேறு கதை. வீட்டில் வயர் ஹெட்போனிலோ ஸ்பீக்கரிலோ கேட்பவர்கள் லாஸ்லெஸை ஆன் செய்யுங்கள், ஹை-ரெஸ்ஸைத் தொடவே வேண்டாம். 24 பிட்டால் உண்மையில் ஆதாயம் அடைபவர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பதிவு செய்பவர்தான்.

முதலில் டேட்டா. ஆப்பிள் தரும் கணக்குப்படி 3 நிமிடப் பாட்டு ஒன்று 256 கேபிபிஎஸ் ஏஏசியில் (சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கும் வழக்கமான வடிவம்) 6 எம்பி, 24/48 (24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்) லாஸ்லெஸில் 36 எம்பி, 24/192 ஹை-ரெஸ்ஸில் 145 எம்பி. நாளுக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருப்பவர் 192-இல் பத்துப் பாட்டு கேட்டாலே அன்றைய கணக்கு தீர்ந்துவிடும்.

இவ்வளவு செலவழித்துக் கிடைப்பது என்ன? சிடியைப் போல 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து (ஓர் அளவுக்குப் பெயர் சாம்பிள்) பதிந்தால் 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலி முழுதாக அடங்கிவிடும். நம் காது எட்டுவது 20 வரை, வயது ஏற ஏற அதுவும் குறையும். டிஜிட்டல் ஒலி படிக்கட்டு மாதிரி வெட்டு வெட்டாக வரும், சாம்பிள் கூடினால் படி சிறிதாகும் என்று பலர் நம்புகிறார்கள். விளம்பரப் படங்கள் செய்த கெடுதல் இது. டிஏசியில் (டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் கருவி) உள்ள வடிகட்டியைத் தாண்டி வெளியே வருவது வழுவழுப்பான அலைதான். 192-இல் கூடுதலாகக் கிடைப்பதெல்லாம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

பிட் கணக்கும் இப்படித்தான். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 16 பிட் தரும் இடைவெளி சுமார் 96 டெசிபல். மின்விசிறி ஓடும் ஹாலில் 'அமைதி' என்பதே ஏறத்தாழ 40 டெசிபல். அதற்கு மேல் 96 என்றால் 136. காது வலிக்கும் எல்லையையே தாண்டிவிடும்.

சோதனைகளும் இதைத்தான் காட்டுகின்றன. 2007-இல் மேயர், மோரன் என்ற இரு ஆய்வாளர்கள் உயர்தர டிஸ்குகளின் ஒலியை நேராகவும், நடுவில் சிடி தரமான 16/44.1 வழியாகச் செலுத்தியும் கேட்கவைத்தார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசு சுண்டியிருந்தாலும் இதே விடைதான். 2016-இல் ஜோஷுவா ரீஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆகவே வித்தியாசம் அறவே இல்லை என்று அடித்துச் சொல்ல மாட்டோம். ஆனால் அது தேடித் தேடிப் பிடிக்கவேண்டிய அளவுக்குச் சிறியது.

ஹை-ரெஸ் ஆன் செய்த பலருக்கு அது காதுக்கு வந்தே சேர்வதில்லை என்பதுதான் பெரிய குறை. புளூடூத் ஹெட்போன் என்றால் ஐபோன் மறுபடியும் ஏஏசியாகச் சுருக்கித்தான் அனுப்பும். ஆப்பிளின் சிறிய 3.5 எம்எம் அடாப்டர் 24/48-உடன் நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி டிஏசி வாங்கவேண்டும். மேக்கில் டிஏசி இருந்தாலும் 'ஆடியோ மிடி செட்அப்' திறந்து சாம்பிள் ரேட்டை நீங்களே மாற்றவேண்டும். 48-இல் விட்டிருந்தால் 192 பாட்டும் 48-ஆகத்தான் ஒலிக்கும். இன்னொன்று: டால்பி அட்மாஸ் (சுற்றிலும் இருந்து ஒலிப்பதுபோல் கலந்த வடிவம்) 'ஆட்டோமேட்டிக்'கில் இருந்து, உங்கள் ஹெட்போனும் அதற்கு ஒத்துப்போனால், லாஸ்லெஸ் ஸ்டீரியோவுக்குப் பதில் அட்மாஸ் மிக்ஸ் ஓடும். அதை ஆஃப் செய்துவிட்டு, பாட்டு ஓடும் திரையில் 'லாஸ்லெஸ்' என்ற எழுத்தைத் தட்டிப் பாருங்கள், ரேட் தெரியும்.

காசு கொடுத்து 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைல் வாங்கினால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள்; எந்த அதிர்வெண் வரை ஒலி இருக்கிறது என்பதை நிறங்களால் படமாகக் காட்டும். 22 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நிறம் நின்று, மேலே வெறும் கறுப்பாக இருந்தால், அது சிடி தரத்திலிருந்து ஊதிப் பெருக்கியதாகவே இருக்கும்.

உங்கள் காதையே சோதிக்கவேண்டுமா? நார்வேயின் 2எல் நிறுவனம் ஒரே பதிவைப் பல ரேட்களில் இலவசமாகத் தருகிறது. 24/96 ஃபைலை எடுத்து 16/44.1-க்கு இறக்கி, மறுபடி 24/96-க்கு ஏற்றுங்கள். இப்படிச் செய்தால்தான் டிஏசி இரண்டையும் ஒரே ரேட்டில் வாசிக்கும். பிறகு ஃபூபார் 2000 என்ற மென்பொருளின் ஏபிஎக்ஸ் வசதியில் (எது எந்த ஃபைல் என்று தெரியாமல் கேட்டுக் கண்டுபிடிக்கும் சோதனை) 16 முறை ஒப்பிடுங்கள். 12 முறைக்குக் குறைவாகச் சரி என்றால் குருட்டு அதிர்ஷ்டத்தைத் தாண்டவில்லை என்று பொருள். சத்த அளவு இரண்டிலும் துல்லியமாகச் சமமாக இருக்கவேண்டும். அரை டெசிபல் கூடினாலே அதுதான் 'தெளிவாக' இருப்பதாகக் காது ஏமாறும்.

பதிவு செய்பவர்களுக்கு நியாயம் வேறு. அங்கே 24 பிட் கட்டாயம். மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அளவு பார்க்கும்போது மெதுவாக வாசிப்பவர், தனி ஆவர்த்தனத்தில் வலந்தலையில் சாப்பு வைத்தால் மீட்டர் சட்டென்று எகிறும். உச்சத்தை மீட்டரில் மைனஸ் 12 டெசிபலுக்குக் கீழே வைத்துப் பதிந்தால் அந்த எகிறலுக்கு இடம் இருக்கும். பிறகு எவ்வளவு தூக்கினாலும் 24 பிட்டில் இரைச்சல் மேலே வராது; வந்தால் அது அறையின் இரைச்சல், இல்லையேல் மைக் ப்ரீ-ஆம்பின் இரைச்சல். 16 பிட்டில் இந்தத் தாராளம் கிடையாது. சாம்பிள் ரேட்டுக்கு 48 போதும், வீடியோவோடும் ஒத்துப்போகும். ஷூர் எஸ்எம்58 எட்டுவதே 15 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதை 192-இல் பதிந்தால் ஹார்ட் டிஸ்க் நிரம்பும், அவ்வளவே. ஒலியைப் பிற்பாடு பாதி வேகத்துக்கு இழுக்கப்போகிறீர்கள் என்றால் மட்டும் 96 வைக்கலாம், அதுவும் 20-க்கு மேல் எட்டும் மைக் இருந்தால்.

ஸூம் எஃப்3 போன்ற 32 பிட் ஃப்ளோட் கருவிகளில் அளவு தாண்டிய பதிவையும் கீழே இறக்கி மீட்கலாம். மைக்கே திணறிவிட்டால் மட்டும் அதுவும் கைகொடுக்காது. கடைசியில் 16 பிட்டாக எக்ஸ்போர்ட் செய்யும்போது டிதரை (பிட் குறையும்போது வரும் சிதைவை மறைக்கச் சேர்க்கும் மிக மெல்லிய இரைச்சல்) ஆன் செய்ய மறக்காதீர்கள். மறந்தால் தம்புராவின் ஒலி தேய்ந்து மறையும் இடத்தில் மெல்லிய கரகரப்பு ஒட்டிக்கொள்ளும்.