கஹ்தூலா மைக்ரோஸ்பைக்ஸ்: பசிஃபிக் கிரெஸ்ட் பாதையில் எதுவரை நம்பலாம்?

அமெரிக்காவில் மெக்சிகோ எல்லையிலுள்ள காம்போவிலிருந்து மார்ச் மாதமே வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பாலைவனத்தை நினைத்துத்தான் பை கட்டுகிறார்கள். வெயில், தண்ணீர், கொப்புளம் என்று கவலையெல்லாம் அந்தப் பக்கமே போகிறது. ஆனால் கனடா எல்லை வரை 2,650 மைல் நீளும் பசிஃபிக் கிரெஸ்ட் பாதையில் முதல் பனி ஆபத்து 170-ஆவது மைலுக்குள், சான் ஹசிந்தோ மலையிலேயே வந்துவிடுகிறது. அதற்காக அநேகமாக எல்லோரும் வாங்குவது, பனியில் வழுக்காமல் நடக்கக் காலணிமேல் மாட்டும் பற்சங்கிலியான கஹ்தூலா மைக்ரோஸ்பைக்ஸ். நல்ல பொருள், வாங்கலாம். எந்தச் சரிவில் அதைக் கழற்றிவிட்டு வேறு கருவிக்கு மாற வேண்டும், எங்கே திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

காலணிமேல் இழுத்து மாட்டும் ரப்பர் போன்ற பட்டை, அதிலிருந்து பாதத்துக்கு அடியில் ஓடும் சங்கிலி, சங்கிலியில் கால் ஒன்றுக்கு 12 துருப்பிடிக்காத எஃகுப் பற்கள். இவ்வளவுதான் கருவி. பல்லின் நீளம் ஏறத்தாழ 1 செ.மீ. நடுத்தர அளவு ஒரு ஜோடி சுமார் 340 கிராம். ஓட்டக் காலணி போன்ற மெல்லிய காலணியிலும் அரை நிமிடத்தில் மாட்டிவிடலாம், கடுங்குளிரிலும் பட்டை இளகித்தான் இருக்கும். பலர் நடந்து மிதித்து இறுகிப்போன பாதை, காலை நேரத்துக் கெட்டிப்பனி, நிழலில் உறைந்த நீர்க்கசிவு ஆகிய மூன்றிலும் பிடிமானம் அருமை. 377-ஆவது மைலருகே உள்ள பேடன்-பவல் மலையின் வடபுற ஏற்றத்தில் வசந்தகாலத்தில் மரங்களுக்கிடையே இப்படிப்பட்ட பாதைதான் கிடக்கும். அங்கே இது இல்லாமல் ஏறுவது வீண் வேதனை.

சிக்கல் குறுக்குச் சரிவில் தொடங்குகிறது. மலைச்சரிவைப் பக்கவாட்டில் கடக்கும்போது உடல் எடை முழுவதும் காலணியின் ஒரு விளிம்பில் இறங்கும். பட்டை இழுபடும் தன்மையுள்ளது. ஆகவே கால் அதற்குள்ளேயே பள்ளத்தின் பக்கம் நகரும், சங்கிலியும் சேர்ந்து நகரும், பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கால்விரல் முனையில் முன்னோக்கிய பற்கள் கிடையாது என்பதால் செங்குத்தில் உதைத்து ஏறவும் வழியில்லை. சரிவு 25 பாகையைத் தாண்டிக் கீழே பாறையோ பள்ளமோ தெரிந்தால் இதன் வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 169-ஆவது மைலருகே அப்பாச்சி சிகரத்தை ஒட்டிச் செல்லும் பாதை அப்படிப்பட்ட இடம். 2020 மார்ச்சில் ஓர் இளைஞர் அங்கே உறைந்த சரிவில் வழுக்கி விழுந்து உயிரிழந்தார். அங்கே தேவைப்படுவது குறைந்தது 10 நீண்ட பற்கள் கொண்ட கிராம்பானும் (காலணியின் அடியில் இறுக்கிக் கட்டும் உலோகப் பற்சட்டம்) பனிக்கோடரியும். கோடரியை மலைப்பக்கக் கையில் பிடித்து நடக்க வேண்டும். விழுந்தால் அதைக் குத்தித் தன்னை நிறுத்தும் முறையை, கீழே சமதளமாக முடியும் பாதுகாப்பான சரிவில் முன்பே திரும்பத் திரும்பப் பழகியிருக்க வேண்டும். பழகாதவர் கையில் கோடரி வெறும் சுமை. நடைக்கோலால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

இந்தக் கருவிகளை வழியிலுள்ள ஊருக்கு முன்கூட்டியே பார்சல் அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சான் ஹசிந்தோ மலையிலுள்ள ஐடில்வைல்டு ஊரில் பெற்றுக்கொள்ளலாம் என்று அங்கே அனுப்பினால் காலம் கடந்துவிடும். பாதையில் நடந்து வருகிறவருக்கு அப்பாச்சி அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 109-ஆவது மைலில் வார்னர் ஸ்பிரிங்ஸ் அஞ்சலகத்துக்கு அனுப்புவது சரி. 152-ஆவது மைலில் நெடுஞ்சாலை 74-ஐக் கடக்கும்போது மேலே நிலைமை மோசம் என்று தெரிந்தால், சாலை வழியாகவே ஐடில்வைல்டு போய்விடலாம். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஐடில்வைல்டுக்குப் பிறகு வரும் ஃபுல்லர் ரிட்ஜ் என்ற மலைமுகடு வடக்கு நோக்கிய சரிவு. தெற்குப் பக்கம் காய்ந்து கிடக்கும் நாட்களிலும் அங்கே பனி தங்கியிருக்கும்.

இளகிய பனியிலும் இந்தக் கருவிக்கு மதிப்பில்லை. 1 செ.மீ. பல் சொதசொதப்பான பனியில் எதைப் பிடிக்கும்? வெயில் ஏறியதும் ஈரப்பனி சங்கிலியில் அப்பிக்கொண்டு பாதத்துக்கு அடியில் உருண்டையாகத் திரளும், பற்கள் அதற்குள் புதைந்துவிடும். சில அடிகளுக்கு ஒருமுறை நடைக்கோலால் காலணி ஓரத்தைத் தட்டி உதிர்க்க வேண்டும். தொடை வரை கால் புதையத் தொடங்கினால் கழற்றிவிடுவதே நல்லது. புதைந்த காலை இழுக்கும்போது பற்கள் மற்றக் காலின் கெண்டைச் சதையைக் கிழிக்கும். சூடேறிய பாறைகளைச் சுற்றியும் புதர்களைச் சுற்றியும் பனி உள்ளே உருகிக் குழியாக இருக்கும் என்பதால் அவற்றை விட்டு விலகியே நடங்கள்.

இன்னும் வடக்கே வரும் சியெரா நெவாடா மலைத்தொடரில் ஜூன் தொடக்கத்தில் நுழைகிறவர்களுக்கு நேரம்தான் எல்லாம். பாதையின் மிக உயர்ந்த இடமான ஃபாரஸ்டர் கணவாய் 4,009 மீட்டர். தென்புறத்தில் உச்சிக்குச் சற்றுக் கீழே பனி நிறைந்த ஒரு செங்குத்தான பாறைப் பிளவைக் குறுக்கே கடக்க வேண்டும். தூரம் மிகக் குறைவு, விழுந்தால் விளைவு பெரிது. விடியும் முன்பே கிளம்பி, பனி இறுகியிருக்கும்போது அங்கே சேர வேண்டும். இரவு உறையாமல் மேகமூட்டமாக இருந்திருந்தால் காலையிலும் பனி தாங்காது. அப்படிப்பட்ட நாளில் ஒரு நாள் காத்திருங்கள். அதிகப் பனி பெய்த ஆண்டில் இங்கும் மைக்ரோஸ்பைக்ஸ் போதாது. அதிகப் பனி ஆண்டில் ஆறுகளும் கொல்லும். 2017-இல் சியெரா ஆறுகளைக் கடக்கையில் இருவர் உயிரிழந்தார்கள். ஆறுகளில் எந்தப் பல்லும் உதவாது. நீர் குறைவாக ஓடும் காலை நேரமும், பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிடுவதும்தான் காப்பு.

அளவு விஷயத்தில், இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருப்பவர்கள் சிறியதை எடுங்கள். தளர்வாக இருந்தால் மேலே சொன்ன பக்க நகர்வு இன்னும் மோசமாகும். ஆனால் மெல்லிய காலணியில் மிக இறுக்கமான பட்டை விரல்களை அழுத்தி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், விரல்கள் மரத்துப்போகும். நடக்கப் போகும் காலுறையோடு கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கிரானைட் பாறை வந்ததும் கழற்றுங்கள். வெறும் பாறையில் எஃகு வழுக்கும், முனையும் மழுங்கும். மழுங்கிய முனையை அரத்தால் தீட்டலாம். சங்கிலி கோக்கும் துளையருகே பட்டை கிழியத் தொடங்கினால், பையில் நான்கைந்து பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகள் இருந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம்.

இதே போல இழுத்து மாட்டும் இன்னொரு கருவியான ஹில்சவுண்டு டிரெயில் கிராம்பானையும் பலர் ஒப்பிட்டுக் கேட்பார்கள். அதன் பற்கள் நீளமானவை, பாதத்தின் மேல் ஒட்டுப்பட்டையும் உண்டு. ஆகவே பக்க நகர்வு குறைவு, எடை கூடுதல். சான் ஹசிந்தோவில் பனி நிறைய இருக்கிற ஆண்டில் அதுவே மேல். பனி குறைந்த ஆண்டில் ஏப்ரல் பிற்பாதியில் கிளம்புகிறவருக்குக் கஹ்தூலா போதும். எதுவானாலும் சியெராவின் வடபகுதியிலுள்ள சோனோரா கணவாய் தாண்டும் வரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.