இசைக் கணினிக்கு எந்த பிராசசர்? 1.33 மில்லி விநாடிக்குள் வேலையை முடிப்பது எது?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசசர் பயன்பாடு 35 சதவீதம் என்று காட்டுகிறது; ஸ்பீக்கரிலோ படபடவென்று வெடிப்புச் சத்தம். பிராசசருக்குத் திட்டு விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். திட்டு நியாயமா என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

ஒலியை நொடிக்கு 48,000 துணுக்குகளாக (சாம்பிள்) அளப்பது 48 கிலோஹெர்ட்ஸ்; ஒரே தடவையில் கணக்கிடும் துணுக்குகளின் தொகுதி பஃபர். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபரை 64 சாம்பிளுக்கு வைத்தால், 64ஐ 48,000ஆல் வகுக்க 1.33 மில்லி விநாடி வரும். எல்லா டிராக்கும், எல்லா பிளக்இன்னும் (ஒலியை உருவாக்கும், மாற்றும் துணை மென்பொருள்), எல்லாம் கலக்கும் மாஸ்டர் பஸ் உட்பட, அதற்குள் கணக்கை முடித்து, ஒலியை உள்ளே வெளியே கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒரு முறை பிந்தினாலும் காதில் 'டப்' என்று கேட்கும். பஃபரை 256 ஆக்கினால் 5.33 மில்லி விநாடி கிடைக்கும். டாஸ்க் மேனேஜர் காட்டுவது பிராசசருக்குள் இருக்கும் எல்லா கோர்களையும் (தனித்தனிக் கணக்கு அலகுகள்) சேர்த்த சராசரி. ஒரே ஒரு கோர் கெடு தவறுவது அந்தச் சராசரியில் தெரியாது.

அந்த ஒரு கோர் ஏன் திணறுகிறது? ஒரு டிராக்கில் சிந்தசைசர், அதன் பின்னால் ஈக்யூ, கம்ப்ரஸர், சாச்சுரேஷன், ரிவெர்ப் என்று அடுக்கினால், ஒன்று முடித்துக் கொடுத்த பிறகுதான் அடுத்தது தொடங்க முடியும். அதனால் அந்தச் சங்கிலி முழுவதும் ஒரே கோரின் தலையில் விழுகிறது. எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டர் பஸ்ஸுக்கும் இதே நிலைதான். ஊசியில் நூல் கோக்கப் பதினாறு பேர் சுற்றி நின்று என்ன பயன்? ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஒற்றைக் கோரின் வேகம். சூடேறினாலும் அந்த வேகம் இறங்காமல் நிற்கிறதா என்பது அடுத்தது. கோர் எண்ணிக்கையை மூன்றாவதாகப் பார்த்தால் போதும்.

வாங்கும் முன், இப்போதிருக்கும் கணினியில் ஒரு சோதனை செய்யுங்கள். பஃபர் 64, 48 கிலோஹெர்ட்ஸ். டிவா போன்ற கனமான சிந்தசைசரை ஒரு டிராக்கில் ஏற்றி, அதன் மல்டிகோர் பொத்தானை அணைத்து, நான்கு சுரக் கார்டு ஒன்றை லூப்பில் ஓட விடுங்கள். பிறகு அந்த டிராக்கைப் பிரதி எடுத்துக்கொண்டே போங்கள்; எத்தனையாவது பிரதியில் வெடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒரே டிராக் வைத்து அதன் மேல் பிளக்இன்களை மட்டும் அடுக்குங்கள். முதல் சோதனையில் தாராளமாகப் போய் இரண்டாவதில் சீக்கிரம் வெடித்தால் உங்களுக்குத் தேவை வேகமான கோர். முதலாவதிலேயே மூச்சு வாங்கினால் கூடுதல் கோர்கள் தேவை. பெரும்பாலான சிந்தசைசர் இசைக்காரர்களுக்கு இரண்டாவது சோதனைதான் முதலில் தோற்கும்.

இனி சிப்கள். விண்டோஸ் கணினிக்கு எங்கள் முதல் பரிந்துரை ஏஎம்டி ரைசன் 7 9700எக்ஸ். 8 கோர், 16 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணி வரிசைகள்), உச்ச வேகம் 5.5 கிகாஹெர்ட்ஸ். டிடிபி (தயாரிப்பாளர் குறிக்கும் வெப்ப அளவு) 65 வாட் என்று போட்டிருந்தாலும் சாக்கெட்டில் 88 வாட் வரை இழுக்கும். அப்படியும் இது அடக்கமான சிப்தான். 120 மில்லிமீட்டர் விசிறி உள்ள நல்ல டவர் கூலர் ஒன்று சத்தமில்லாமல் சமாளிக்கும். மைக்ரோஃபோனுக்கு இரண்டடி தள்ளிக் கணினி இருக்கும் அறையில் இதன் அருமை தெரியும். எட்டு கோரும் ஒரே சிப்லெட்டில் (பிராசசருக்குள் உள்ள சிறு சில்லு) இருப்பதால் ஆடியோ த்ரெட்கள் இரு வீடுகளுக்கிடையே அலைவதில்லை. கூடவே சின்ன உள்ளிணைந்த கிராஃபிக்ஸும் இருப்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டை அடியோடு தவிர்க்கலாம்: விசிறி ஒன்று குறையும், தொல்லை தரும் டிரைவர் ஒன்றும் குறையும்.

பெரிய ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட் வைத்திருப்பவர்கள், நூறு டிராக்குக்கு மேல் மிக்ஸ் செய்பவர்கள் 12 கோர் ரைசன் 9 9900எக்ஸுக்கோ 16 கோர் 9950எக்ஸுக்கோ போகலாம். இரண்டிலும் கோர்கள் இரு சிப்லெட்களில் பிரிந்திருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு போக நேரம் கூடுதலாகும். 64 சாம்பிளில் இது உறுத்தலாம், 256க்கு மேல் பொருட்டே இல்லை. 9950எக்ஸின் டிடிபி 170 வாட், இழுப்பு 230 வாட் வரை. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) மின் இழுப்பைக் குறைக்கும் ஈகோ மோடு போட்டு 105 வாட்டுக்கு இறக்கினால் இசை வேலையில் இழப்பது சொற்பம்; குறைகிற விசிறிச் சத்தம் கணிசம். பெயர் எக்ஸ்3டி என்று முடியும் ரைசன் வகைகளைப் பற்றி ஒரு வரி: அவற்றின் கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) விளையாட்டுகளுக்கு வரம். இசைக்கென்று அதற்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இன்டெல் கோர் அல்ட்ரா 7 265கே: 8 பெர்ஃபார்மன்ஸ் (வேகமான) கோர், 12 எஃபிஷியன்சி (மின்சிக்கனமான, மெதுவான) கோர், மொத்தம் 20 த்ரெட், ஒரு கோரில் இரண்டு த்ரெட் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங் கிடையாது. பல டிராக் மிக்ஸுக்கு வலுவான சிப். வேகமான இணைப்பு வகையான தண்டர்போல்ட் 4 சிப்பிலேயே இருப்பதால் தண்டர்போல்ட் இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பான தேர்வு; ஆனால் மதர்போர்டில் அந்த போர்ட் உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்களா என்று பின்பக்கப் படத்தைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இருவகைக் கோர் சிப்களில் வரும் தொல்லை, கனமான ஆடியோ த்ரெட் மெதுவான கோருக்குத் தள்ளப்படுவது. விண்டோஸ் 11ம் புதுப்பித்த ரெக்கார்டிங் மென்பொருளும் இருந்தால் இது அரிது. பழைய பதிப்பிலேயே இருப்பேன் என்று அடம்பிடிப்பவர்கள் ஒரேவகைக் கோர் உள்ள ரைசனையே எடுக்கட்டும்.

இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 சிப்கள் இப்போது கைமாறி நிறைய வருகின்றன. வேகத்தில் குறையில்லை. ஆனால் மிகை மின்னழுத்தத்தால் தேய்ந்து நிலையற்றுப்போகும் கோளாறு அவற்றில் இருந்தது. 2024 ஆகஸ்ட் முதல் பயாஸ் வழியாக மைக்ரோகோடு (சிப்பின் உள்கட்டளை) திருத்தங்கள் வந்தன. திருத்தம் தேய்மானத்தைத் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததை மீட்காது. முன்பு எந்த பயாஸில் ஓடியது என்று தெரியாத பழைய சிப்பை வாங்காதீர்கள். மாடல் எண்ணின் முடிவில் எஃப் இருந்தால் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆப்பிளின் ரெக்கார்டிங் மென்பொருளான லாஜிக் புரோ விண்டோஸில் ஓடாது. அதில் வேலை செய்பவர்களுக்கு விவாதமே இல்லை. மேக் மினியில் எம்4 புரோ எடுங்கள், 8 அல்லது 10 பெர்ஃபார்மன்ஸ் கோர் கிடைக்கும். சாதாரண எம்4இல் அவை 4 மட்டுமே. மெமரியைப் பிறகு கூட்டவே முடியாது என்பதால் வாங்கும் அன்றே போதிய அளவு எடுத்துவிட வேண்டும்.

மெமரி என்றதும், ரைசன் வாங்குவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று: நான்கு ஸ்லாட்டையும் நிரப்புவது. இரண்டு குச்சிகளில் டிடிஆர்5 5600 என்று இருக்கும் அதிகாரபூர்வ வேகம், நான்கு போட்டால் 3600க்கு விழுகிறது. 96 ஜிபி வேண்டுமென்றால் 48 ஜிபி குச்சி இரண்டு வாங்குங்கள். சாம்பிள் லைப்ரரிகளுக்குப் பசி மெமரியிலும் எஸ்எஸ்டியிலும்தான், பிராசசரில் குறைவு.

நல்ல சிப் போட்டும் வெடிக்கிறதென்றால் டிரைவர்களால் வரும் தாமதத்தை அளக்கும் லேட்டன்சிமான் மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். வைஃபை டிரைவரும் கிராஃபிக்ஸ் டிரைவரும்தான் வழக்கமான குற்றவாளிகள். டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கி மறுபடி ஓட்டினால் பல சமயம் அங்கேயே விடை கிடைத்துவிடும். விண்டோஸ் பவர் பிளானை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்'க்கு மாற்றுங்கள். பேலன்ஸ்டில் கோர்கள் தூங்கி எழுவதற்குள் 1.33 மில்லி விநாடியில் ஒரு பங்கு போய்விடலாம். பயாஸில் சி-ஸ்டேட்டை (கோர்களின் தூக்க நிலை) அணைப்பதைக் கடைசி வழியாக வையுங்கள், அணைத்தால் சும்மா இருக்கும்போதும் சிப் சூடாகவே இருக்கும்.

ரெக்கார்டிங்குக்கு ஆர்ம் செய்த (பதிவுக்குத் தயாராக்கிய) டிராக்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ரீப்பர், கியூபேஸ் போன்ற ரெக்கார்டிங் மென்பொருள்கள் மற்ற டிராக்குகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். ஆர்ம் செய்ததை அப்படிச் செய்ய முடியாது, அது அந்தந்த நொடியில் ஓட வேண்டும். பாடகர் காதில் கேட்கும் ரிவெர்பை ஆர்ம் செய்த டிராக்கிலேயே போடாமல் லேசான ஒன்றைத் தனி சென்டில் (ஒலியின் பிரதியை வேறு தடத்துக்கு அனுப்பும் வழி) வையுங்கள். ஒலியைச் சற்று முன்னதாகப் பார்த்து உச்சத்தை அடக்கும் லுக்அஹெட் லிமிட்டரை மாஸ்டரிலிருந்து எடுத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். அது கூட்டும் தாமதத்தை எந்தப் பிராசசரும் குறைக்க முடியாது.